மெஷின் 4 என்கிறது, கை 3.1 என்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ட்ரெட்மில் வைத்திருப்பவர்கள், கையில் ஸ்மார்ட் வொட்ச் கட்டியிருப்பவர்கள், சீனி வருத்தத்துக்காக நடப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

ஏப்ரல் மாதம் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த டொக்டர் என்னிடம் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளை. ரிப்போட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் ரிப்போட்டைப் பார்த்தார். ஒக்டோபரில் 7.1 ஆக இருந்த எச்பிஏ1சி 8.0 ஆகியிருந்தது. தெரியாதவர்களுக்கு: இது இன்றைக்குக் காலை என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்லும் சோதனை அல்ல. கடந்த இரண்டு மூன்று மாதமாக இரத்தத்தில் சீனி சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டுவது. முதல் நாள் இரவு பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது.

"டீச்சர், நடக்கிறீங்களா?"

"நடக்கிறன் மகன். ஒவ்வொரு நாளும் 4 கிலோமீற்றர்."

"உண்மையா?"

அந்த "உண்மையா" சாதாரணமாகத்தான் கேட்டார். எல்லா நோயாளியிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் எனக்கு முகம் சுட்டுவிட்டது. வேணியர் இடுக்கிமானியில் பூச்சிய வழுவைக் கழிக்காமல் வாசிப்பு எழுதினால் நான் அந்தப் பிள்ளையிடம் இதே தொனியில் "உண்மையா?" என்று கேட்டிருப்பேன். நோன்பு மாதத்துப் பலகாரங்களைப் பற்றியும் கேட்டார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மருந்தின் அளவைக் கூட்டி எழுதித் தந்து, அடுத்த முறை பார்ப்போம் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நான் பொய் சொல்லவில்லை. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். 4.0, 4.0, 4.0, 4.2, 4.0. ஐந்து மாதம்.

எங்கள் வாப்பாவுக்கும் இதே வருத்தம்தான். முதலில் ஒரு கால்விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. கடைசி மூன்று வருடம் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிற ஆட்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு நடை ஒரு பொழுதுபோக்கு இல்லை.

முன்பு சுபஹ் தொழுதுவிட்டு எங்கள் தெருவிலுள்ள நான்கைந்து பெண்களோடு கடற்கரை வீதியில் நடப்பேன். போனில் ஜீபிஎஸ் வைத்து அளந்தால் போய்வர 4 கிலோமீற்றர், 47 நிமிடம். நவம்பரில் மழை தொடங்கினால் கிழக்கு மாகாணத்தில் அந்த நடை நின்றுவிடும். வெள்ளம், சேறு, இருட்டு. சீனி வருத்தக்காரி சேற்றுக்குள் செருப்போடு நடந்து காலில் ஒரு கீறல் வாங்கினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் போன நவம்பரில் தெரிந்த ஒருவரிடமிருந்து பாவித்த ட்ரெட்மில் ஒன்று வாங்கினோம். கட்டாரிலிருந்து வந்த தம்பி கையில் கட்டுகிற வொட்ச் ஒன்று தந்தான்.

முதல் நாளே இரண்டுக்கும் சண்டை. மெஷினில் கதியை 6.0 இல் வைத்து 40 நிமிடம் நடந்தேன். மெஷின் 4.0 கிலோமீற்றர் என்றது. வொட்ச் 3.1 என்றது. நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். எது கூடுதலாகக் காட்டியதோ அதை நம்பினேன். "இந்தச் சின்னச் சாமானுக்கு என்ன தெரியும், மெஷின்தானே ஓடுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீதியில் 47 நிமிடம் எடுத்த தூரத்தை 40 நிமிடத்தில் முடிக்கிறேன் என்று ஒரு பெருமையும் இருந்தது. 4.0 விழுந்ததும் இறங்கிவிடுவேன்.

அதற்குப் பிறகு இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பல வொட்ச்களில் ட்ரெட்மில் நடை முடிந்ததும் "சரியான தூரம் என்ன?" என்று கேட்டு, நாம் கொடுக்கிற எண்ணை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. நான் 4.0 என்று கொடுத்துவிட்டேன். அடுத்த நாளிலிருந்து இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. சண்டை முடிந்தது. மனதுக்கு நிம்மதி. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகிறார்கள் அல்லவா! ஒரு சாட்சிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதை மறந்துவிட்டேன்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று பின்னேரம் மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உம்மா, நீங்க கம்பியப் புடிச்சிக்கிட்டு நடக்கிறீங்க. வொட்ச் எப்படி எண்ணும்?"

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. பௌதிகவியல் படிப்பிக்கிற உம்மாவுக்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது.

விசயம் இதுதான். வெளியில் நடக்கும்போது வொட்ச் செய்மதியை வைத்து நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துத் தூரத்தைக் கணிக்கிறது. ட்ரெட்மில்லில் நாம் எங்கும் போவதில்லை, நிற்கிற இடத்திலேயே நிற்கிறோம். அதனால் ட்ரெட்மில் முறையில் ஜீபிஎஸ்ஸை விட்டுவிட்டு, உள்ளேயிருக்கும் ஆர்முடுகல்மானியை நம்புகிறது. கை முன்னும் பின்னும் ஆடுவதை வைத்துக் காலடியை எண்ணும். ஒரு காலடியின் நீளம் இவ்வளவு இருக்கும் என்று நம் உயரம், முன்பு வெளியில் நடந்த பதிவுகள் போன்றவற்றிலிருந்து ஓர் ஊகம் வைத்திருக்கும். எண்ணிக்கையை நீளத்தால் பெருக்கினால் தூரம். அவ்வளவுதான். அது நம் காலைப் பார்ப்பதே இல்லை. கையைத்தான் பார்க்கிறது. கை கம்பியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தால் பாதிக் காலடி அதன் கணக்கில் வராது. சுப்பர் மார்க்கட்டில் தள்ளுவண்டி தள்ளும்போதும் இதே கதிதான். மாறாக, ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது நான் அடுப்படியை விட்டு நகராமலே காலடி ஏறுவதையும் கண்டிருக்கிறேன்.

சரி, வொட்ச் பிழை. அப்போ மெஷின் சரியா? இதைக் கேட்க எனக்கு இன்னும் இரண்டு நாள் எடுத்தது. ஏனென்றால் கேட்க விருப்பமில்லை.

வாப்பா கடை வைத்திருந்தவர். தராசையும் படிக்கற்களையும் வருடா வருடம் கொண்டுபோய் முத்திரை குத்தி எடுத்து வருவார். "கல்லும் தேயும் புள்ள" என்பார். இரும்புப் படிக்கல் தேயுமென்றால் பாவித்த மெஷினின் ரப்பர் பட்டி தேயாதா?

செய்து பார்த்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யலாம்.

முதலில் மெஷினின் பிளக்கைக் கழற்றிவிட்டோம். இது முக்கியம். தையல் டேப்பை வைத்து, பட்டியைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, சோக்கால் அடையாளம் போட்டுப் போட்டு ஒரு முழுச் சுற்றின் நீளத்தை அளந்தோம். மூன்று தரம் அளந்து சராசரி எடுத்தோம். எங்கள் பட்டி 2.84 மீற்றர். பிறகு பட்டியின் ஓரத்தில் வெள்ளை டேப் துண்டொன்று ஒட்டினோம். பிளக்கைப் போட்டு, ஆள் ஏறாமல் கதியை 6.0 இல் ஓட விட்டு, மகள் தள்ளி உட்கார்ந்து வெள்ளைத் துண்டு 50 தரம் சுற்றிவர எத்தனை செக்கன் என்று பார்த்தாள். 86 செக்கன். 50 சுற்று என்றால் 142 மீற்றர். கணக்குப் பார்த்தால் மணிக்கு 5.94 கிலோமீற்றர். பரவாயில்லையே, நல்ல மெஷின்தான் என்று நினைத்தேன்.

பிறகு நான் ஏறி நடந்தேன். அதே 6.0. மகள் திரும்ப எண்ணினாள். 92 செக்கன். மணிக்கு 5.56.

சந்தேகத்தில் மூன்று தரம் செய்தோம். ஒரு செக்கன் அங்கே இங்கே, அவ்வளவுதான். டேப்பில் ஒரு சென்ரிமீற்றர் பிழை விட்டிருந்தாலும் 284 இல் 1, அதாவது அரை வீதம்கூட இல்லை. நிறுத்தற் கடிகாரத்தை அமத்துவதில் கை பிந்தினாலும் 92 இல் கால் செக்கன். 7 வீத வித்தியாசத்தை இவற்றின் தலையில் கட்ட முடியாது. பட்டிதான் என் பாரம் விழும்போது தயங்குகிறது. நான் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் உராய்வு கூடி, பட்டி உருளையின் மேல் வழுக்குகிறது. திரையிலோ 6.0 அப்படியே நிற்கிறது. வீட்டுக்கு வாங்குகிற பல மெஷின்களில் திரை காட்டுவது நாம் கேட்ட கதியை அல்லது உருளை சுற்றுகிற கதியை. காலுக்குக் கீழே பட்டி உண்மையில் எவ்வளவு போனது என்பது அதற்குத் தெரியாது.

ஆக என் 4.0 உண்மையில் 3.7. வொட்ச் முதல் நாள் காட்டிய 3.1 உம் பிழை. இரண்டுமே பிழை, இரண்டும் வேறு வேறு பக்கத்துக்குப் பிழை. ஐந்து மாதமாக எது சரி என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, இரண்டுமே சரியில்லாமல் இருக்கலாம் என்று நினைக்கவே இல்லை. செய்முறைப் பரீட்சையில் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

வொட்சை எதை வைத்துத் திருத்துவது? மெஷினை வைத்துத் திருத்த முடியாது. நம் பாடசாலை மைதானம் நினைவுக்கு வந்தது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு பீ.டீ. சேர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த 200 மீற்றர் சுற்று இன்னும் முழுதாக அழியவில்லை. அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு விசயம் சொன்னார்: "டீச்சர், உள்கோட்டுக்கு மேலேயே நடந்தா 200 வராது. கோட்டுல இருந்து 20 சென்ரிமீற்றர் வெளியால நடக்கணும். தூரம் அப்படித்தான் அளக்கிற." பக்கத்து லேனுக்குப் போய்விட்டால் சுற்றுக்கு ஏழு மீற்றருக்கும் மேல் கூடிவிடும் என்றார். 1.22 மீற்றர் அகல லேன் என்றால் 2π ஐ 1.22 ஆல் பெருக்கினால் 7.67 வருகிறது, சரிதான். எங்கள் மைதானத்தில் லேன் அகலம் அவ்வளவு சரியாக இருக்குமா என்பது வேறு கதை.

பாடசாலை விட்ட பிறகு வொட்சை ட்ரெட்மில் முறையில் போட்டு, கையை வீசி, 10 சுற்று நடந்தேன். 2000 மீற்றர். நான் முட்டாள்தனமாகத் திருத்தி வைத்திருந்த வொட்ச் காட்டியது 2.43 கிலோமீற்றர்! கம்பியைப் பிடித்து நடந்த கணக்கை வைத்துத் திருத்தியதால், கையை வீசி நடந்ததும் அது தலைகால் தெரியாமல் ஏறிவிட்டது. அப்படியே வைத்துக்கொண்டு நடந்திருந்தால் கிளினிக் கொப்பியில் 5 கிலோமீற்றர் என்று எழுதியிருப்பேன்.

காலடியையும் எண்ணினேன். தஸ்பீஹ் ஓதுவதற்கு விரலில் மாட்டுகிற எண்ணும் கருவி இருக்கிறதே, வலது கால் விழும்போதெல்லாம் அதை ஒரு தரம் அமத்தினேன். (நிய்யத்து வேறு, அல்லாஹ் மன்னிப்பானாக.) 1490 வந்தது. இரண்டால் பெருக்கினால் 2980 காலடி. ஒரு காலடி 67 சென்ரிமீற்றர். வீட்டில் ட்ரெட்மில்லில் அதே போல எண்ணினால் நிமிடத்துக்கு 142 காலடி. 5.56 என்ற உண்மையான கதியோடு வைத்துப் பார்த்தால் ஒரு காலடி 65 சென்ரிமீற்றர். மெஷினில் கொஞ்சம் குட்டையாகத்தான் அடி வைக்கிறேன். விழுந்துவிடுவேனோ என்ற பயம் காலுக்கும் இருக்கும்போல.

இந்த இரண்டு சென்ரிமீற்றர் முக்கியம். வெளியில் நடந்து பழக்கிய வொட்ச் உள்ளே கொஞ்சம் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கதி மாறினாலும் காலடி நீளம் மாறும். அதனால் வழமையாக எந்தக் கதியில் நடக்கிறோமோ அந்தக் கதியில் நடந்துதான் திருத்த வேண்டும். மெதுவாக நடந்து திருத்திவிட்டு ஓடினால் கணக்கு வராது. ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு விதம். கார்மினில் ட்ரெட்மில் பயிற்சியைச் சேமிக்கும்போதே தூரத்தைத் திருத்தலாம், ஆனால் ஒரு குறைந்தபட்சத் தூரம் போயிருக்க வேண்டும். அப்பிள் வொட்ச் என்றால் நல்ல வெளியான, சமதரையான இடத்தில் வெளி நடை முறையில் சுமார் 20 நிமிடம் நடக்கச் சொல்கிறார்கள். அதிலிருந்து அது காலடி நீளத்தைத் தானாகப் படித்துக்கொள்ளும். காலணியில் மாட்டுகிற சின்ன உணரியும் கிடைக்கிறது. அது காலையே பார்ப்பதால் கை பிரச்சினை இல்லை. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

மெஷினுக்கு வைத்தியம் தனியாகப் பார்த்தோம். திருத்துகிற தம்பி வந்து பட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுக்கு எண்ணெய் போட்டு எத்தின வருசம்?" என்றார். பட்டிக்குக் கீழே சிலிக்கன் எண்ணெய் விட்டார். தையல் மெஷின் எண்ணெய், துரு கழற்றுகிற ஸ்பிரே எதையும் விடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். பின் உருளையின் இரண்டு பக்க ஆணியையும் கால் சுற்று, ஒரே அளவாக, இறுக்கினார். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் பட்டி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுமாம். அன்றிரவே திரும்ப எண்ணினோம். நான் ஏறி நடக்க 50 சுற்றுக்கு 88 செக்கன். மணிக்கு 5.8. இன்னும் இறுக்கலாமே என்றேன். மோட்டருக்கும் உருளைக்கும் பாரம் கூடும், இது போதும் என்றார். மூன்று வீதம்தான், நானே கழித்துக்கொள்கிறேன். பூச்சிய வழுவைக் கழிப்பது எனக்குத் தெரியாத விசயமா.

அதன் பிறகு கம்பியை விட்டுவிட்டு, 45 நிமிடம் நடந்து, சுற்றுக்கணக்கின்படி வந்த 4.36 ஐ வொட்சுக்குக் கொடுத்தேன். இப்போது இரண்டுக்கும் இடையில் 50, 60 மீற்றர் வித்தியாசம் வரும், சில நாள் இந்தப் பக்கம், சில நாள் அந்தப் பக்கம். அதை விட்டுவிட்டேன்.

ஆனால் உண்மையில் தூக்கம் கெட்டது இந்த 300 மீற்றருக்காக அல்ல. கம்பியை விட்டு நடந்த முதல் நாள் 15 நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வியர்த்துக் கொட்டியது. ஐந்து மாதமாக அதே கதியில், அதே மெஷினில் நடந்தவளுக்கு! கம்பி என் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பாதி நடந்தேன், மீதிக்குத் தொங்கினேன். வீதியில் 47 நிமிடம் நடந்தது 40 ஆனது, 4 கிலோமீற்றர் 3.7 ஆனது, அதிலும் உடம்பு பட்ட கஷ்டம் எவ்வளவோ குறைந்தது. டொக்டர் பிள்ளையின் "உண்மையா?" வுக்கு நான் கோபப்பட்டிருக்கக் கூடாது.

இதைச் சொன்னதும் இவர் கேட்டார், "அப்ப இவ்வளவு நாளும் நடந்தது வீணா?" வீணில்லை. சும்மா இருந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும். ஆனால் நான் நினைத்த அளவு இல்லை.

போன மாதம் மருந்து எடுக்கப் போனபோது அதே டொக்டரைக் கண்டேன். விசயத்தைச் சொன்னதும் 2.84, 86, 92 எல்லாம் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "டீச்சர், எனக்கு கிலோமீற்றர் தேவையில்ல. எத்தின நிமிசம், நடக்கிற நேரம் கதைக்க ஏலுமா, பாட்டுப் படிக்க ஏலுமா, அதச் சொல்லுங்க" என்றார். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த அளவில் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்பது கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அந்த 150 தான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மகன் என்றேன். "சொன்ன டீச்சர். நீங்க 4 கிலோமீற்றர் எண்டு எழுதிக் காட்டினீங்க" என்றார்.

தாளைத் திருப்பித் தரும்போது, "50 சுற்று எண்ணினது நல்லம், 10 சுற்று எண்டா பின்ன வழு கூடியிருக்கும்" என்றும் சொன்னார். நினைவு வைத்திருக்கிறார்.

கொப்பியின் பின்பக்கத்தில் இப்போது இரண்டு நிரல். நிமிடம் ஒன்று, கம்பி பிடித்தேனா இல்லையா என்பது மற்றது. மகள்தான் இரண்டாவது நிரலை நிரப்புகிறாள், என்னை நம்புவதில்லை. அடுத்த சோதனை வருகிற மாதம். துஆ செய்யுங்கள்.

ஒரு கடைசி விசயம், பெண்களுக்கு. பட்டி ஓடும்போது சுற்று எண்ணுபவர் கையை மெஷினுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், போனில் வீடியோ எடுத்துப் பிறகு எண்ணினாலும் சரிதான். நீளமான அபாயாவோடு ஏறவும் வேண்டாம். கம்பியை விட்டுப் பழகும் முதல் சில நாளுக்கு, மெஷினோடு வருகிற அந்தச் சிவப்புக் கயிற்றை உடுப்பில் கொளுவிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது ஐந்து மாதமாகப் பொலித்தீன் உறைக்குள்ளேயே கிடந்தது.